பைண்டிங் கடையே பள்ளிக்கூடம்

பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த நாட்களில் மைக்கேல் ஃபாரடே எனக்கு வெறும் விதிகளாகத்தான் அறிமுகமானார். மின்பகுப்புக்கு இரண்டு விதி, மின்காந்தத் தூண்டலுக்கு ஒரு விதி. பரீட்சையில் எழுதினேன், மார்க் வாங்கினேன், பிறகு மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்து மறந்தும் போனேன். அந்த மனிதரின் வாழ்க்கையை ஊன்றிப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். படிக்கப் படிக்க, என் ஆபீஸில் நடந்த ஒரு பழைய சம்பவம் மனதை உறுத்த ஆரம்பித்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஃபாரடேயின் கதை.

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் கொல்லர், அடிக்கடி உடம்பு முடியாமல் போகிறவர். 1801-ல் தானிய விலை ஏறியபோது பையனுக்கு வாரம் ஒரு ரொட்டிதான் என்று வீட்டில் அளந்து கொடுத்தார்களாம். எழுத, படிக்க, கூட்டிக் கழிக்கத் தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

1804-ல் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அன்றைக்குச் செய்தித்தாள் விலை அதிகம். கடையிலிருந்து வாடகைக்கு வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கி வருவது பையனின் வேலை. ஒரு வருஷம் பார்த்ததில் ரீபோவுக்குப் பையனைப் பிடித்துப் போயிற்று. 1805-ல் ஏழு வருஷ ஒப்பந்தத்தில் பைண்டிங் பழக எடுத்துக்கொண்டார். தொழில் கற்றுக்கொடுக்க முதலாளிகள் பணம் வாங்குவது அந்த ஊர் வழக்கம். பையனின் நேர்மையான உழைப்பை நினைத்து ரீபோ அதை வாங்கவில்லை.

பைண்டிங்குக்கு வரும் புத்தகத்தைத் தைத்து, ஓரம் வெட்டி, அட்டை போட்டுத் திருப்பித் தர வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது தொழிலில் சேர்ந்ததல்ல. இந்தப் பையன் பார்த்தான். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி வந்தபோது, அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய ரசாயனப் புத்தகமும் அப்படித்தான் கைக்கு வந்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், தன் கைக்காசுக்கு எட்டிய சோதனைகளைத் தானே செய்து பார்த்தார். பழைய சாமான் கடையில் வாங்கிய கண்ணாடி ஜாடியைக் கொண்டு ஒரு சின்ன மின் இயந்திரம்கூடச் செய்தார். ரீபோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்; தடுக்கவில்லை.

இன்னும் சில பேரையும் இங்கே சொல்ல வேண்டும். ரீபோவின் வீட்டில் மாஸ்கரியே என்ற ஓவியர் குடியிருந்தார். அவருடைய அறையைத் தூசி தட்டி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்ததற்குப் பதிலாக, தூரமும் ஆழமும் தெரியும்படி படம் வரைய அவர் கற்றுக்கொடுத்தார். 1810-ல் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை நேரங்களில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்துவதாகத் தெரிந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுப் பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்தார். அங்கே கூடிய இளைஞர்கள் தங்களுக்குள் பேசி, விவாதித்து, ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான எட்வர்ட் மேக்ரத், ஃபாரடேயின் இலக்கணப் பிழைகளைப் பல வருஷம் பொறுமையாகத் திருத்தி வந்தார். இவர்களில் யாரும் அவருக்கு நியமிக்கப்பட்ட ஆசிரியர் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

1812-ல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் வில்லியம் டான்ஸ், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே இருந்த இடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதினார். கருவிகளின் படங்களை வரைந்தார். எல்லாவற்றையும் சேர்த்துத் தம் கையாலேயே பைண்ட் செய்தார். முன்னூறு பக்கத்துக்கும் மேற்பட்ட அந்தப் புத்தகத்தை, வேலை கேட்டு எழுதிய கடிதத்துடன் 1812 டிசம்பரில் டேவிக்கு அனுப்பினார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஓவியரிடம் பழகிய படம், நண்பர் திருத்திய மொழி, டேட்டம் வீட்டில் வந்த குறிப்பெடுக்கும் பழக்கம், ரீபோ கற்றுக்கொடுத்த தையல், அட்டை எல்லாம் அந்த ஒரே கட்டில் இருந்தன. ஏழு வருஷம் போகிற போக்கில் கற்றதற்கு அதுவே சர்டிபிகேட். வேறு சர்டிபிகேட் அவரிடம் கிடையாது.

டேவி கூப்பிட்டுப் பேசினார். பைண்டிங் தொழிலையே விடாமல் பார்த்துக்கொள் என்றுதான் முதலில் புத்தி சொன்னார். சில வாரத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழக்க, 1813 மார்ச் 1 அன்று அந்த இடம் ஃபாரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் தங்க இடம்.

அதே வருஷம் அக்டோபரில் டேவி தம்பதி ஐரோப்பா புறப்பட்டபோது ஃபாரடேயும் கூடப் போனார். டேவியின் வேலையாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால், உதவியாளராகக் கிளம்பியவர் எடுபிடி வேலையும் பார்க்க வேண்டியதாயிற்று. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். ஆனாலும் அந்த ஒன்றரை வருஷத்தில் பிரெஞ்சும் இத்தாலியனும் பழகினார். ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்த்தார். டேவி வழியெல்லாம் ஆராய்ச்சி செய்வதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். அவருக்கு அதுதான் காலேஜ்.

பிறகு நடந்தது விஞ்ஞானம் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. 1821-ல் மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். 1825-ல் பென்சீனைக் கண்டுபிடித்தார். 1831 ஆகஸ்ட் 29 அன்று, இரும்பு வளையத்தில் துணியும் நூலும் வைத்துச் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்களைக் கொண்டு, ஒன்றில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றதில் முள் அசைவதைப் பார்த்தார். இன்று நம் வீட்டுக்கு மின்சாரம் அனுப்பும் ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் அந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அந்த வளையத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், பைண்டர் கை பழகிய துணியும் நூலும்தானே என்று எனக்குத் தோன்றும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இப்படிக் கற்றவருக்குக் கணிதம் வரவில்லை. கடைசி வரை வரவில்லை. தாம் கண்டதை விசைக்கோடுகள் என்ற மனச்சித்திரமாகவே விளக்கினார். அதற்குச் சமன்பாடு எழுத, முறையாகக் கணிதம் படித்த மாக்ஸ்வெல் வரவேண்டியிருந்தது. 1857-ல் மாக்ஸ்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில், கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதக் கூடாதா என்று பணிவாகக் கேட்டார். ஆகவே பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் வாதிக்க வரவில்லை. பள்ளிக்கு வெளியே நடக்கும் படிப்பும் படிப்புதான் என்கிறேன்.

தாம் பெற்றதை ஃபாரடே திருப்பிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்காக 19 தடவை தொடர் சொற்பொழிவு நடத்தினார். அவற்றில் ஒன்று சாதாரண மெழுகுவர்த்தியை வைத்தே ரசாயனத்தைச் சொல்வது, புத்தகமாகவும் வந்தது. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார்.

இப்போது என் சம்பவம். 1980-களில் ஒரு வட இந்திய நகரத்தில் நான் ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பாக இருந்தேன். ரெக்கார்டு ரூமில் கிழிந்த ரிஜிஸ்டர்களைத் தைத்து அட்டை போடுவதற்குத் தினக்கூலியில் ஒரு பையன் வந்தான். ஒரு நாள் மத்தியானம் நான் உள்ளே போனபோது, பழைய ஆண்டறிக்கை ஒன்றை மடியில் விரித்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். குவிந்து கிடந்த ரிஜிஸ்டர்களைக் காட்டி, படிப்பதற்கா கூலி கொடுக்கிறோம் என்று கேட்டுவிட்டேன். அவன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகு அவன் கையில் எதுவும் விரிந்து நான் பார்க்கவில்லை. வேலை குறித்த தேதிக்கு முன்பே முடிந்தது. அவனை அனுப்பிவிட்டோம். அவன் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

ரூல்படி நான் செய்ததில் தப்பு இல்லை. ஆனால் எனக்கு நோட்டிங், டிராஃப்டிங் வந்ததே ஒரு வயதான ஹெட் கிளார்க்கின் மேஜை ஓரத்தில், அவர் எழுதுவதை எட்டிப் பார்த்துத்தான். அவர் என்னை ஒரு நாளும் விரட்டியதில்லை. இது அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்தப் பையன் ஃபாரடே ஆகியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. நான் ரீபோ ஆகவில்லை என்பது மட்டும் நிச்சயம். நம் வீட்டிலோ கடையிலோ ஆபீஸிலோ வேலைக்கு வரும் பிள்ளை ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றுவிட்டால், அன்பர்கள் தயவுசெய்து அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுங்கள். முடிந்தால், என்ன படிக்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.