வீட்டோடு மாப்பிள்ளையான இளவரசர்

பிரேசில் நாட்டுச் சக்கரவர்த்தி இரண்டாம் பெத்ரோவுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. மிஞ்சியவர்கள் இரண்டு பெண்கள். மூத்தவர் இசபெல், பட்டத்துக்கு உரியவர். இளையவர் லியோபோல்தினா.

இவர்களுக்கு ஐரோப்பாவில் மாப்பிள்ளை தேடினார், சக்கரவர்த்தி.

1864-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இரண்டு இளவரசர்கள் கப்பலில் ரியோ டி ஜனீரோ நகருக்கு வந்து இறங்கினார்கள். ஒருவர் காஸ்தோன். பிரான்சு அரசர் லூயி பிலிப்பின் பேரன். 1848-ல் புரட்சி மூண்டு தாத்தாவின் முடி பறிபோனபோது, காஸ்தோனுக்கு வயது 5. குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது.

இன்னொருவர், அவருடைய அத்தை மகன் அகஸ்து.

ஜோடி மாறியது

மூத்தவருக்கு அகஸ்து, இளையவருக்கு காஸ்தோன் என்பதுதான் ஏற்பாடு. நேரில் பார்த்துப் பழகியதும் ஜோடி மாறிவிட்டது! அக்டோபர் 15-ந்தேதி இசபெல்லை மணந்தார், காஸ்தோன். அவருக்கு வயது 22. மணமகளுக்கு 18.

நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஓர் இளக்காரம் உண்டு அல்லவா? காஸ்தோன் கதியும் அதுதான். காது சற்று மந்தம். பேச்சில் பிரெஞ்சு வாடை. "பிரெஞ்சுக்காரர்" என்றே மக்கள் அவரைச் சொன்னார்கள்.

சிறுவர் படை

பராகுவே நாட்டுடன் அப்போது பெரிய போர் நடந்தது. 1869-ல் மருமகனைத் தளபதி ஆக்கினார், மாமனார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி நடந்த சண்டையில், எதிரிப் படையில் நின்றவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள்! வளர்ந்த ஆண்கள் முன்பே மடிந்துவிட்டார்கள். வெற்றி காஸ்தோனுக்குத்தான். ஆனால் அந்தக் கறை அவர் பெயரை விட்டுப் போகவில்லை. பராகுவேயில் இன்றும் ஆகஸ்டு 16, குழந்தைகள் தினம்.

அதே ஆண்டில் இன்னொன்றும் செய்தார். பராகுவேயில் அமைந்த தற்காலிக அரசிடம், அடிமைகளை விடுவிக்கும்படி வற்புறுத்தினார். அக்டோபரில் அவர்கள் விடுதலை பெற்றார்கள். ஆனால் அவரை அனுப்பிய பிரேசிலில் அப்போது லட்சக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள்!

அந்த அடிமைத்தளையை 1888 மே 13-ந்தேதி அறுத்தவர், அவருடைய மனைவி. தந்தை ஐரோப்பாவில் இருந்ததால் ஆட்சிப் பொறுப்பு இசபெல்லிடம் இருந்தது. விடுதலைச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். அடிமைகளை இழந்த பண்ணையார்கள் பலர் பகைவர் ஆனார்கள்.

மீண்டும் ஓட்டம்

அடுத்த ஆண்டு நவம்பர் 15-ந்தேதி ராணுவம் எழுந்தது. பிரேசில் குடியரசாயிற்று. அரச குடும்பத்தைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். 5 வயதில் நாடு இழந்தவர், 47 வயதில் மறுபடி நாடு இழந்தார். பிரான்சில் குடியேறினார்.

1920-ல் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு மாமனார், மாமியார் இருவரின் சவப்பெட்டிகளையும் பிரேசிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார், காஸ்தோன். நோயாளியான இசபெல்லால் வர முடியவில்லை. அந்த நவம்பரில் அவர் காலமானார்.

1922-ல் பிரேசில் சுதந்திரத்தின் நூற்றாண்டு விழா. 80 வயதில் மறுபடி கப்பல் ஏறினார், காஸ்தோன். ஆகஸ்டு 28-ந்தேதி நடுக்கடலில் உயிர் பிரிந்தது.

1953-ல் கணவன் மனைவி இருவர் உடல்களும் பிரேசிலுக்கு வந்தன. இப்போது பெத்ரோபோலிஸ் நகரத் தேவாலயத்தில், மாமனார் சமாதி உள்ள அதே இடத்தில், இருவரும் உறங்குகிறார்கள்.