ஒரு பேஸ்பால் அட்டைக்கு 57 கோடி... கூட அச்சானதுக்கு ஏன் அவ்வளவு இல்லை?

நூறு வருஷம் தாண்டிய பேஸ்பால் கார்டு ஒன்று தாத்தா பெட்டியில் கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரிதான் என்று அமெரிக்காவில் பலர் நினைக்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஏன்னு புரியணும்னா ஹோனஸ் வாக்னரின் கதை தெரியணும்.

1874-இல் பென்சில்வேனியாவில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் வாக்னர். 12 வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனார். 1897-இல் லூயிவில் அணி, 1900 முதல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். நேஷனல் லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரிக்கான பட்டம் எட்டு முறை அவருக்கே. 1936-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலில் தேர்வான ஐந்து பேரில் ஒருவர்.

1909-இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி, சிகரெட் பாக்கெட்டுக்குள் வீரர்களின் பட அட்டைகளை வைக்கத் தொடங்கியது. டி206 என்று இன்று சேகரிப்பாளர்கள் சொல்லும் வரிசை இது. 500-க்கும் மேற்பட்ட அட்டைகள். தன் படத்தைப் போடக்கூடாது என்று வாக்னர் மறுத்துவிட்டார். சிறுவர்கள் அட்டைக்காக சிகரெட் வாங்குவார்களே என்ற கவலை என்கிறார்கள் சிலர். பணம் தராததால் வந்த கோபம் என்கிறார்கள் வேறு சிலர். இத்தனைக்கும் அவரே புகையிலை மெல்லுபவர்! ஆனால் அனுமதி வாங்கித் தந்தால் ஒரு பத்திரிகையாளருக்கு 10 டாலர் என்று கம்பெனி பேசியிருந்ததாம். அந்த நஷ்டத்தை வாக்னர் தன் காசிலேயே ஈடுகட்டினார் என்று 1912-இல் செய்தி வந்தது. பணத்தாசைக் கதை எனக்கு ஒட்டவில்லை.

அச்சு நின்றது. இன்று இருப்பதாகத் தெரிவது சுமார் 60 அட்டைகள்தான். 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. அப்போதைய மதிப்பில் 57 கோடி ரூபாய்க்கும் மேல்.

அதே வரிசையில் அதிகம் பேர் எடுக்காத வீரர்களின் அட்டைகளை 'காமன்' என்பார்கள். வயது ஒன்றுதான், தாளும் ஒன்றுதான். ஆனால் அவை தாராளமாக அச்சாகி, தாராளமாகத் தப்பிப் பிழைத்தவை. முனை மழுங்கி, மடிப்பு விழுந்த ஒன்று 100 டாலருக்குள்ளேயே கிடைக்கும். மடங்காமல், கறை படாமல் இருந்தால் மட்டும் காமனுக்கும் விலை பல மடங்கு ஏறும்.

1930-களிலேயே வாக்னர் அட்டைக்கு ஒரு விலைப்பட்டியல் 50 டாலர் போட்டிருந்தது. அப்போது அவர் பைரேட்ஸ் அணியின் பயிற்சியாளராக, உயிரோடுதான் இருந்தார். 1955 டிசம்பரில் காலமானார்.