சேற்றைக் கற்ற பேராசிரியர் பெயெரிங்க்

நாற்றமடிக்கும் வாய்க்காலைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவதே உலக வழக்கம். அச்சேற்றைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வந்து, இதனுள் வாழும் உயிர் எது, அதன் உணவு யாது என்று ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஹாலந்து நாட்டு அறிஞர் மார்ட்டினஸ் வில்லெம் பெயெரிங்க்.

அவர் 1851ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தையார் புகையிலை வணிகர். வணிகம் நொடித்துப் போயிற்று. பன்னிரண்டு வயது வரை மகனுக்குத் தந்தையே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் டெல்ஃப்ட் நகரத் தொழிற்கல்லூரியில் சேரப் பொருளுதவி செய்தவர் உறவினர் ஒருவர். அந்தக் கை நீளாதிருந்தால் இன்று நாம் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம். ஆண்டுதோறும் கட்டணம் கட்டும் நாளில் காணாமற்போகும் மாணவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இச்செய்தி சிறிதாகத் தோன்றவில்லை.

1877இல் லெய்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். வாகனிங்கன் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1885இல் டெல்ஃப்டில் ஈஸ்ட் தொழிற்சாலை ஒன்றில் ஆராய்ச்சியாளரானார். அங்கிருந்தபடியே, 1888இல், பயற்றினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியத்தைத் தனியே பிரித்தெடுத்தார். வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் மணிமணியாகக் காண்கிறோமே, அவற்றினுள் இருப்பதும் இவ்வினமே. காற்றிலுள்ள நைட்ரஜன் வாயுவைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருவது இதன் தொழில்.

1895இல் டெல்ஃப்டில் பேராசிரியரானார். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் சேற்றில் உண்டாக்கும் நுண்ணுயிரை அதே ஆண்டில் பிரித்துக் காட்டினார். 1898இல், புகையிலை இலையில் தேமல் உண்டாக்கும் நோய்க்குக் காரணம் பாக்டீரியம் அன்று, நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லும் வேறொன்று என்று நிறுவினார். இன்று அதனை வைரஸ் என்கிறோம். புகையிலை வணிகரின் மகனுக்குப் புகையிலையே புகழ் தந்தது.

ஆயினும் நாம் பெரிதும் வியப்பது அவருடைய முறையையே. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. நமக்கு வேண்டிய ஒன்றை எங்ஙனம் பிரிப்பது? சத்துமிக்க உணவை இட்டால் எல்லாம் பெருகிவிடும். பெயெரிங்க் மற்றவை உண்ண இயலாத உணவை மட்டும் இட்டார். நைட்ரஜன் உப்பே இல்லாத கரைசலில் தோட்டத்து மண்ணைத் தூவினார். நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுக்க வல்லவை மட்டும் பெருகின. அதில் ஒரு துளியைப் புதிய கரைசலுக்கு மாற்றினார்; அதிலிருந்து மீண்டும் ஒரு துளி. இறுதியில் அகார் கூழின்மீது பரப்பித் தனியாக்கினார். 1901இல் அசட்டோபாக்டர் இவ்வாறே அறியப்பட்டது.

இதே வழியில் அவருடைய மாணவர் சோங்கன் 1906இல் மீதேனை ஆராய்ந்தார். குட்டைச் சேற்றைக் கோலால் கிளறினால் குமிழியிட்டு எழுந்து, தீப்பற்றி எரியும் வாயு அது. உப்புக் கரைசல் உள்ள குடுவையில் மீதேனும் ஆக்சிஜனும் மட்டும் அளித்தார். வேறு கரிம உணவு ஏதுமில்லை. அங்கும் ஒரு பாக்டீரியம் வளர்ந்தது. வாயு குறைந்துகொண்டே வந்தது. எரிவாயுவைத் தின்று உயிர் வாழும் பிராணி! 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மண்ணுக்கு இயற்கை எரிவாயுவை ஊட்டி, அதில் பெருகும் இத்தகைய பாக்டீரியங்கள் ட்ரைகுளோரோஎத்திலீன் என்னும் நச்சுக் கரைப்பானையும் சிதைக்கும் எனக் காட்டினர். ஆலைக் கழிவால் கெட்ட நிலத்தடி நீரைத் தூய்மையாக்கும் முயற்சிகளுக்கு அது வழி திறந்தது.

பெயெரிங்க் இனிய ஆசிரியர் அல்லர். மாணவர்களைக் கடுஞ்சொல்லால் வதைத்தார். அவரிடம் அஞ்சி நடுங்கியவர் பலர். ஆசிரியராகிய நாம் இக்குறையை மறைக்க விரும்பவில்லை. அறிவுக்காக அவரை வணங்கலாம். அந்த நாவிற்காக அன்று.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1921இல் ஓய்வு பெற்று, உடன்பிறந்த சகோதரிகளுடன் கோர்சல் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கு செடிகொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்து, 1931ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலமானார்.