ஹென்றி ஸ்டீல் ஆல்காட்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் (ஆகஸ்ட் 2, 1832 – பெப்ரவரி 17, 1907) அமெரிக்க இராணுவ அதிகாரியும் இதழாளரும் வழக்கறிஞரும் ஆவார். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான இவர், அதன் முதல் தலைவராக 1875 முதல் இறக்கும் வரை பணியாற்றினார். சென்னை அடையாற்றில் அச்சபையின் தலைமையகத்தை அமைத்தவரும் இவரே. இலங்கையின் பௌத்த மறுமலர்ச்சியிலும் சென்னையில் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வியிலும் இவரது பங்கு குறிப்பிடத்தக்கது. அறிவியலால் விளக்கப்படாத ஆற்றல்களை ஆராய்வதாகக் கூறிய இச்சபை, 1884-85 ஆம் ஆண்டுகளில் கடும் விசாரணைக்கு உள்ளாகியது.

இளமைக் காலம்

ஆல்காட் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு என்னும் ஊரில் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது தந்தையின் வணிகம் நொடித்தமையால் படிப்பை இடையில் கைவிட்டார். பின்னர் வேளாண்மையில் ஈடுபட்டு, சர்க்கரை தரும் சோள வகைகளைப் பற்றி 1857 இல் நூலொன்றை வெளியிட்டார். நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் வேளாண்மைப் பகுதியின் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கு மாநிலங்களின் படையில் சேர்ந்தார். இராணுவத்துக்குப் பொருள் வழங்கியோர் செய்த மோசடிகளைக் கண்டறியும் சிறப்பு அதிகாரியாகப் போர்த்துறை இவரை அமர்த்தியது. 1865 இல் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது அச்சதியை விசாரித்தவர்களுள் இவரும் ஒருவர். போருக்குப் பின் நியூயார்க்கில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார்.

ஆவியுலக ஆர்வமும் சபையின் தோற்றமும்

இறந்தோரின் ஆவிகளுடன் பேச இயலும் என்னும் நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியிருந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் சிட்டெண்டன் என்னும் சிற்றூரில், எடி சகோதரர்களின் பண்ணை வீட்டில் ஆவிகள் தோன்றுவதாகச் செய்தி பரவியது. 1874 இல் ஆல்காட் அங்கு சென்று, தாம் கண்டவற்றை நாளிதழில் தொடராக எழுதினார். ருசியாவில் பிறந்த ஹெலனா பிளவாட்ஸ்கி அம்மையாரை அங்குதான் முதன்முதலாகச் சந்தித்தார்.

இவ்விருவரும் வில்லியம் குவான் ஜட்ஜ் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினர். வேறுபாடு பாராத மானுட சகோதரத்துவம், சமயங்களையும் தத்துவங்களையும் ஒப்பிட்டுக் கற்றல், இயற்கையின் விளக்கப்படாத விதிகளையும் மனிதனுள் மறைந்திருக்கும் ஆற்றல்களையும் ஆராய்தல் என அதன் நோக்கங்கள் பின்னர் மூன்றாக வகுக்கப்பட்டன. இவற்றுள் மூன்றாவது நோக்கமே பெருஞ்சர்ச்சைக்கு இடமளித்தது.

இலங்கைப் பணி

1879 பெப்ரவரியில் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கியும் பம்பாய் வந்து சேர்ந்தனர். 1880 மே மாதத்தில் இலங்கை சென்ற இருவரும் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தராயினர். அக்காலத்தில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிசனரிகளின் கையில் இருந்தது. பௌத்தர்களுக்கெனத் தனிப் பள்ளிகள் தேவை என உணர்ந்த ஆல்காட், ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். கொழும்பு ஆனந்தா கல்லூரி (1886), கண்டி தர்மராஜா கல்லூரி (1887), காலி மகிந்தா கல்லூரி (1892) ஆகியன இம்முயற்சியால் உருவானவை.

1881 இல் இவர் எழுதிய பௌத்த வினா விடை நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1883 ஆம் ஆண்டுக் கொட்டாஞ்சேனைக் கலவரத்தை அடுத்து, இலங்கைப் பௌத்தர்களின் சார்பில் 1884 இல் இலண்டன் சென்று முறையிட்டார். 1885 இல் வெசாக் நாள் அரசு விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் கொழும்பில் வடிவமைக்கப்பட்ட பௌத்தக் கொடியின் அளவைத் திருத்தி அமைத்தவரும் இவரே.

அடையாறு

1882 இல் சென்னை அடையாற்றின் கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்னும் வளமனை விலைக்கு வாங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சபையின் தலைமையகம் அங்கு மாற்றப்பட்டது. இக்காலத்தில் ஆல்காட் மெஸ்மரிச முறையில், கைகளை நோயாளியின் உடல் மீது அசைத்து நோய் தீர்ப்பதாகக் கூறி, இலங்கையிலும் இந்தியாவிலும் பெருந்திரளான மக்களுக்குச் சிகிச்சை அளித்தார். 1883 இன் இறுதியில் இதனை நிறுத்திக் கொண்டார். இம்முறையை மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை.

1884-85 விசாரணை

இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் தம்மை வழிநடத்துவதாகப் பிளவாட்ஸ்கி கூறி வந்தார். அவர்களிடமிருந்து கடிதங்கள் திடீரெனத் தோன்றுவதாகவும் சொல்லப்பட்டது. அடையாற்று மாளிகையில் பிளவாட்ஸ்கியின் படுக்கையறைக்கு அடுத்த அறையின் சுவரில் தொங்கிய மரப்பேழை ஒன்று இந்நிகழ்ச்சிகளுக்குப் பெயர்பெற்றிருந்தது.

1884 இன் தொடக்கத்தில் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கியும் ஐரோப்பா சென்றனர். அவர்கள் இல்லாத வேளையில், மாளிகையின் வீட்டு நிருவாகத்தைக் கவனித்து வந்த கூலம் தம்பதியர் வெளியேற்றப்பட்டனர். பிளவாட்ஸ்கி தமக்கு எழுதியவை எனக் கூறி, அற்புதங்கள் பொய்யாக ஏற்பாடு செய்யப்பட்டதைக் காட்டும் கடிதங்களை அவர்கள் வெளிப்படுத்தினர். செப்டம்பர் 1884 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் அவற்றை வெளியிட்டது.

1882 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட உளவியல்சார் ஆய்வுச் சங்கம், இத்தகைய கூற்றுகளைச் சான்றுகளுடன் சோதிக்க முயன்ற அமைப்பாகும். ஆல்காட் அதன் குழுவின் முன் தாமே சென்று சாட்சியம் அளித்திருந்தார். அச்சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரைச் சென்னைக்கு அனுப்பியது. அவர் வந்து சேர்வதற்கு முன்பே மரப்பேழை சபையினரால் அகற்றப்பட்டு எரிக்கப்பட்டிருந்தது. சாட்சிகளையும் கையெழுத்துகளையும் கட்டட அமைப்பையும் ஆராய்ந்த ஹாட்ஜ்சன், அற்புதங்கள் மோசடி என்றும் கடிதங்களைப் பெரும்பாலும் பிளவாட்ஸ்கியே எழுதினார் என்றும் முடிவு கூறினார். இவ்வறிக்கை 1885 இல் வெளிவந்தது. ஆல்காட் மோசடிக்கு உடந்தையல்லர், ஆனால் எளிதில் நம்பிவிடுபவர், கூர்ந்து நோக்கத் தவறியவர் என்பது ஹாட்ஜ்சனின் கருத்தாகும். போர்க்கால மோசடிகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் மீது இத்தகைய தீர்ப்பு கூறப்பட்டது கவனிக்கத்தக்கது.

வழக்குத் தொடர வேண்டும் எனப் பிளவாட்ஸ்கி விரும்பினார். 1884 டிசம்பரில் அடையாற்றில் கூடிய சபையின் குழு அதனை ஏற்கவில்லை. ஆல்காட்டும் குழுவின் முடிவுக்கு உடன்பட்டார். 1885 இல் இந்தியாவை விட்டுச் சென்ற பிளவாட்ஸ்கி மீண்டும் திரும்பவில்லை. 1986 இல் கையெழுத்து ஆய்வாளர் வெர்னான் ஹாரிசன், ஹாட்ஜ்சன் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என அதே சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். எனினும் அக்கட்டுரை அற்புதங்கள் நடந்தன என்பதற்குச் சான்றாகாது.

கல்விப் பணி

விசாரணைக்குப் பின்னரும் ஆல்காட் தலைவர் பொறுப்பில் தொடர்ந்தார். 1886 டிசம்பரில் அடையாறு நூலகத்தைத் தொடங்கினார். ஓலைச்சுவடிகளும் அரிய நூல்களும் அங்கு தொகுக்கப்பட்டன.

அக்காலத்தில் பஞ்சமர் என அழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1894 இல் அடையாற்றுக்கு அருகில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் சென்னையின் வேறு பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது.

1898 இல் அயோத்திதாச பண்டிதர் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். அவ்வாண்டிலேயே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. தமிழகத்தில் சாதி எதிர்ப்பு வரலாற்றின் முக்கியமான தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

மறைவு

ஆல்காட் 1907 பெப்ரவரி 17 அன்று அடையாற்றில் காலமானார். அவருக்குப் பின் அன்னி பெசண்ட் அம்மையார் சபையின் தலைவரானார். இலங்கையில் அவரது நினைவு நாள் கொண்டாடப்படுகிறது. கொழும்புக் கோட்டைத் தொடருந்து நிலையத்தின் முன் அவரது சிலை உள்ளது. சென்னை பெசண்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இயங்கி வருகிறது.

மதிப்பீடு

பிரம்மஞான சபையின் மூன்றாவது நோக்கம் அறிவியலில் நிலைபெற்ற முடிவு எதனையும் தரவில்லை. ஆல்காட்டின் மறைவுக்குப் பின் பெசண்டும் லெட்பீட்டரும் ஞானக்கண்ணால் அணுக்களைக் கண்டதாகக் கூறி 1908 இல் வெளியிட்ட நூலையும் வேதியியலாளர் ஏற்கவில்லை. இக்காரணத்தால் சபையை வெறும் மூடநம்பிக்கைக் கூட்டமாக ஒதுக்குவோர் உண்டு. அதன் சமூகப் பணிகளைக் காட்டி மகாத்மாக் கடிதங்களையும் நம்பச் சொல்வோரும் உண்டு. இவ்விரண்டு அணுகுமுறைகளும் வரலாற்றுக்குப் பொருந்தா. ஒரு கூற்று உண்மையா என்பது சான்றுகளால் முடிவாவது. ஓர் அமைப்பு வரலாற்றில் இடம் பெறுமா என்பது அதன் விளைவுகளால் முடிவாவது. ஆல்காட்டின் பள்ளிகளில் எழுத்தறிந்த பிள்ளைகளும் அடையாற்றில் காக்கப்பட்ட சுவடிகளும் அவ்விளைவுகளுள் அடங்கும். ஹாட்ஜ்சன் அறிக்கையும் அதே வரலாற்றின் பகுதியேயாகும்.