சபையைச் சிரிக்க வைத்த சதாவதானி

புதுவை நகரின் கடலோரத்தில் அமைந்துள்ள மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இந்து சமய அன்பர்கள் பல ஊர்களிலிருந்தும் தம் உற்சவ மூர்த்திகளை அக்கடற்கரைக்குக் கொண்டு வருவர். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நம்மவர்களும் நிற்பதுண்டு. அவ்வாறு உடன் வேலை செய்யும் தோழர்களோடு நின்ற நம் இளைஞர் ஒருவரை நோக்கி, அவர்களுள் ஒருவர், நீரும் கடலில் ஒரு முழுக்குப் போட்டால்தான் உமக்கும் புண்ணியம் என்று கேலி பேசிவிட்டார். எல்லோரும் சிரித்தனர், இளைஞர் சிரிக்கவில்லை. அன்று முதல் அத்தோழர்களோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார். இத்தகையோருடன் நட்புப் பாராட்டலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். அவருக்கு நான் கூறியது கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் அவர்களின் வரலாறு.

நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் பாவலர் பிறந்தார். தந்தையார் பக்கீர் மீறான் சாகிபு. தாயார் ஆமினா அம்மையார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தமையால் பள்ளியில் மலையாளமே கற்பித்தனர். தமிழின் மீது தீராத வேட்கை கொண்ட சிறுவர், சங்கரநாராயண அண்ணாவி என்னும் இந்துப் பெரியாரை அடுத்து இலக்கண இலக்கியங்களை முறையாகப் பயின்றார். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழின் வாயிலைத் திறந்துவிட்டவர் ஓர் அண்ணாவி என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னாளில் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

இளமையிலேயே சென்னை சென்ற பாவலர், நூல்களைப் பிழை நோக்கிப் பதிப்பிக்கும் பணியில் அமர்ந்தார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்திற்கு உரை கண்டார். கோவை, அந்தாதி, பிள்ளைத்தமிழ் எனப் பல பாடினார். வடலூர் வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவப் பெருமக்களே இரு கூறாகி வழக்காடிய காலம் அது. வள்ளலார் மறைந்ததும் 1874-இல்தான். அவ்வாண்டில் பிறந்த பாவலர், அருட்பாவே என்று மேடையேறி நிறுவினார். காஞ்சிபுரத்து மக்கள் அவரை யானை மீது அமர்த்தி ஊர்வலமாக அழைத்துச் சென்று சிறப்பித்தனர்.

ஆயினும் அவர் பெயர் நாடெங்கும் பரவியது அவதானக் கலையினால்தான். அவதானம் என்றால் கவனம். சதம் என்றால் நூறு. நூறு வகையான வினாக்களையும் செயல்களையும் ஒரே அமர்வில் மனத்தில் வாங்கி, ஒன்றும் பிசகாமல் விடை பகர்வதே சதாவதானம். ஒருபுறம் மணி ஒலிக்கும்; எத்தனை முறை ஒலித்தது என்று இறுதியில் சொல்ல வேண்டும். முதுகின் மீது நெல்லோ கல்லோ எறிவார்கள். அதன் எண்ணிக்கையும் தவறக்கூடாது. ஒருவர் பெருக்கல் கணக்குக் கொடுப்பார். ஒருவர் என்றோ கழிந்த ஒரு தேதியைக் கூறி அதன் கிழமையைக் கேட்பார். இன்னொருவர் இலக்கணத்தில் ஐயம் எழுப்புவார். இடையிடையே வெண்பாவின் ஈற்றடியை மட்டும் கொடுத்து, மேலே உள்ள அடிகளைப் பாடி முடிக்கச் சொல்வார்கள். 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர் பெருமக்கள் நிறைந்த சபையில், பாவலர் இதனைச் செய்து காட்டிச் சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அவருடைய அவதானத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்றும் வழங்கி வரும் செய்தி ஒன்று உண்டு. சபையில் ஒருவர், துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடி ஒன்றைப் பாவலருக்குக் கொடுத்தார். துருக்கன் என்பது அக்காலத்தில் முஸ்லிமைக் குறிக்க மக்கள் வழங்கிய சொல். எத்தகைய பொறி இது என்பதை எண்ணிப் பாருங்கள்! கேட்டவாறே பாடினால், அல்லாஹ் ஒருவனையே துணையாகக் கொண்ட முஸ்லிம் தன் வாயாலேயே ஏகத்துவத்திற்கு மாறாகச் சொன்னதாகும். பாட மறுத்தால் அவதானம் தோற்றது. சபையும் முகம் சுளிக்கும். சினந்து எழுந்தாலோ, அங்குள்ள நூற்றுக்கணக்கான இந்து நண்பர்களோடு உள்ள உறவு ஒரு நொடியில் முறியும்.

பாவலர் சினக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இராமாயணத்து உடன்பிறப்புகளான பரதனையும் இலக்குவனையும் முன்னடியில் வரிசையாக நிறுத்தி, அதன் கடைசியில் சத் என்னும் ஓர் அசையை வைத்தார். அது ஈற்றடியின் முதற்சொல்லோடு ஒட்டியதும் துருக்கன் சத்துருக்கன் ஆனான். இராமனின் தம்பி ஆனான். தம்பிமாருக்கு அண்ணன் துணை என்பதில் யாருக்கு என்ன மறுப்பு? சபை முழுவதும் வெடித்துச் சிரித்தது. கொடுத்தவர் கொடுத்த அடியில் ஓர் எழுத்தும் குறையவில்லை. பாவலரின் ஈமானிலும் ஓர் அணுவும் குறையவில்லை.

மார்க்கம் கற்றவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு ஒரு நினைவு வருவதுண்டு. பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து, ஏறிச் செல்ல ஒரு வாகனம் வேண்டினார். பெண் ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாக அண்ணலார் கூறினார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் குட்டிதானே என்று நாயகம் விளக்கினார்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. அதிகச் சிரிப்பு உள்ளத்தை மரிக்கச் செய்யும் என்று எச்சரித்தவர்களும் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கவும் செய்கிறது. ஆனால் பொய் கலவாமல், எவர் மனமும் புண்படாமல், சொல்லின் நயத்தால் எழும் சிரிப்பு அண்ணலாரின் சபையிலேயே இருந்தது. நம் ஆலிம்களில் சிலர் முதற்பாதியை மட்டும் மக்களுக்குச் சொல்லி மற்றப் பாதியை விட்டுவிடுகிறார்கள். அவர்களில் நானும் ஒருவனாய் இருந்திருக்கிறேன்.

சபையினர் பாவலரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாவலரோடு சேர்ந்து சிரித்தார்கள். பொறி வைத்தவரும் வெட்கித் தலைகுனிய வேண்டிய நிலை அங்கே எழவில்லை. அவருடைய அடியும் அப்பாட்டில் ஓர் உறுப்பாகிவிட்டதல்லவா! தோற்றவர் என்று ஒருவரும் இல்லாமல் ஒரு சொற்போர் முடிந்தது.

பின்னாளில் பாவலர் கதராடை உடுத்துக் காங்கிரஸ் மேடைகளில் நாட்டு விடுதலைக்காகப் பேசினார். அண்மையிலுள்ள தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவருக்கு இரண்டாண்டு இளையவர், உற்ற அன்பர். விடுதலையையும் குடியரசையும் கண்ணாரக் கண்ட பின்னர், 1950-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் பாவலர் வஃபாத்தானார். கவிமணி இரங்கற்பா பாடினார். இடலாக்குடியில் அவர் பெயரால் பள்ளி இருக்கிறது. 2008-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

இவ்வளவையும் கேட்டிருந்த வைத்திக்குப்பத்து இளைஞர், அந்த ஓர் அசையை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக இதை அந்தத் தோழரிடம் சொல்ல வேண்டும் என்று கூறிவிட்டு எழுந்து போனார்.