கதைக்குள் நடமாடிய தஞ்சாவூர் மனிதர்கள்

மெஷின் டிராயிங்கும் சர்வேயும் படிக்கிற நமக்குக் கதை எதற்கு என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. ஆனால் ஆண்டு மலர் அறிவிப்பு ஒட்டியதும் கதைகள் வந்து குவியத்தானே செய்கின்றன! பணக்காரப் பையன், ஏழைப் பெண், கல் நெஞ்சு அப்பா... கடைசிப் பக்கத்தில் ஒரு லாரி வந்து மோதிவிடும். கதாநாயகன் எந்த ஊர், அவன் வீட்டில் காலையில் யார் முதலில் எழுந்திருப்பார்கள், ஒன்றும் தெரியாது. அதனால்தான் நம்ம மண்ணில் பிறந்த தி. ஜானகிராமனைப் பற்றி இங்கே எழுதத் தோன்றியது.

1921-ல் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்தவர். தந்தையார் இராமாயணம் சொல்வதில் பேர் பெற்றவர். ஒரே கதையை ஊர் ஊராகச் சொல்லி, கேட்கிறவர்களை நகரவிடாமல் உட்கார வைப்பது லேசுப்பட்ட வேலையா? பையன் அதைக் கேட்டே வளர்ந்தான். சங்கீதத்தையும் முறையாகக் கற்றுக்கொண்டான். படித்தது கும்பகோணம் கல்லூரியில். அந்த ஊரில் அப்போது எழுத்துக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு எல்லாம் நண்பர்கள். வழிகாட்டியாக வாய்த்தவர் கு.ப.ரா. நாலைந்து பக்கத்தில், அதிகம் பேசாத ஒரு பெண்ணின் மனசை முழுசாகக் காட்டிவிடும் கை அவருடையது. 1944-ல் அவர் போய்விட்டார்.

ஜானகிராமன் சுமார் பத்து வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். குத்தாலம், ஐயம்பேட்டை என்று ஊர் மாறி மாறி வேலை. பிறகு வானொலியில் சேர்ந்து, கல்வி ஒலிபரப்புப் பிரிவில் சென்னையிலும் டெல்லியிலும் இருந்தார். சொல்லப்போனால், தஞ்சாவூரைப் பற்றிப் பெரிசாக எழுதிய காலத்தில் தஞ்சாவூரிலேயே இல்லை!

அவர் பாத்திரங்களை எப்படி நம்ப வைக்கிறார்? 'பாயசம்' கதையைப் பாருங்கள். எழுபத்தேழு வயசு சாமநாது. அண்ணன் மகன் சுப்பராயன் நன்றாக வாழ்வதைக் கண்டு வயிறு எரிகிற மனுஷர். அந்த வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பெரிய தவலை நிறையப் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்து கிடந்தது என்று சொல்லிவிடுகிறார். கதை அவ்வளவுதான். ஆனால் கவிழ்ப்பதற்கு முன் அவர் காவேரியில் குளிக்கிறார். செத்துப்போன மனைவி மனசுக்குள் வந்து இடித்துக் காட்டுகிறாள். சுப்பராயனுக்கு ஊர் காட்டும் மரியாதை ஒவ்வொன்றும் அவருக்கு முள்ளாகக் குத்துகிறது. அந்தக் கை தவலையைச் சாய்க்கும்போது நமக்கு ஆச்சரியமே வருவதில்லை. ஐயோ, செய்துவிட்டாரே என்றுதான் இருக்கிறது. நம்ம கதைகளில் வரும் வில்லன் எதற்காகக் கெடுதல் செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது!

'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்தது. கும்பகோணத்தில் படிக்க வரும் பாபுவுக்குத் தன்னைவிடப் பத்து வயசு மூத்த யமுனா மேல் ஆசை. ஒரு பக்கம் ரங்கண்ணாவிடம் சங்கீதம், இன்னொரு பக்கம் இந்தத் தவிப்பு. வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். அவசரப்பட்டு முடிச்சை அவிழ்ப்பது கிடையாது. சங்கீதம் தெரிந்தவர் எழுதியதால் ரங்கண்ணாவும் நிஜ வாத்தியாராக இருக்கிறார். மெட்டீரியல் தெரியாமல் லேத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே!

பெரிய சோதனை 1966-ல் 'அம்மா வந்தாள்' வந்தபோதுதான். காவேரிக் கரை வேத பாடசாலையில் படித்த அப்பு வீடு திரும்புகிறான். தாய் அலங்காரத்தம்மாளுக்கு வேறு ஒருவருடன் உறவு இருப்பதும், அப்பாவுக்கு அது தெரிந்தே இருப்பதும் புரிகிறது. மகனை வேதம் படிக்க அனுப்பியதே தாய் தேடிய பிராயச்சித்தம். தாயை இப்படிக் காட்டலாமா என்று கண்டனம் எழுந்தது. அலங்காரத்தைக் கெட்டவளாக்கி, கடைசியில் காலில் விழ வைத்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. அவள் கம்பீரத்தையும் குறைக்கவில்லை, தவறையும் மறைக்கவில்லை. என்னைக் கேட்டால் 'மோகமுள்'ளைவிட இதுதான் ஒரு படி மேலே. சண்டைக்கு வரும் நண்பர்கள் கேன்டீனுக்கு வரலாம்!

நாடகமும் எழுதினார். 'நாலு வேலி நிலம்' 1959-ல் படமாகவும் வந்தது. சிட்டியுடன் சேர்ந்து காவேரி பிறக்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம்வரை பயணம் செய்து 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார். 'சக்தி வைத்தியம்' தொகுப்புக்கு 1979-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. 1982 நவம்பரில் காலமானார். 1995-ல் 'மோகமுள்' ஞான ராஜசேகரன் இயக்கத்தில் படமாக வெளிவந்தது. கும்பகோணம் துக்காம்பாளையத் தெருவில் போகும்போது, இதில் எது யமுனா வீடாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடக்கிற வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள்.