அயலாரை இணைத்த அம்மையார்

சிக்காகோ என்றதும் 1893ஆம் ஆண்டுச் சர்வமத மகாசபையும் சுவாமி விவேகானந்தரின் கம்பீரத் தோற்றமுமே நம் உள்ளத்தில் எழும். அதே நகரில், அதற்கு நான்கு ஆண்டுகளின் முன்னரே ஒரு பெண்மணி மக்கட் சேவையைத் தொடங்கியிருந்தார். அவரே ஜேன் அடம்ஸ் அம்மையார்.

1860ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆந் திகதி இலினோய் மாநிலத்துச் சீடர்வில் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இரண்டு வயதில் தாயை இழந்தார். முள்ளந்தண்டு நோயும் அவரை வாட்டியது. அன்புடன் வளர்த்த தந்தையாரும் 1881இல் காலமானார். தொடங்கிய வைத்தியக் கல்வியை உடல்நலக் குறைவால் இடையில் விடவேண்டியதாயிற்று. செல்வம் இருந்தது, செய்யவேண்டிய பணி எதுவென்று புலப்படவில்லை. லண்டனில் ரொயின்பி மண்டபத்து வாலிபர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டாற்றுவதை 1888இல் கண்டார். வழி தெளிந்தது.

1889 செப்டெம்பரில் தோழி எலன் ஸ்ரார் அம்மையாருடன் சிக்காகோவின் ஹோல்ஸ்ரெட் வீதியில் ஒரு பழைய மாளிகையிற் குடிபுகுந்தார். அதுவே ஹல் இல்லம். இத்தாலியர், ஜேர்மானியர், கிரேக்கர், ஐரிஷ்காரர், ருஷ்ய யூதர் எனப் பல இனத்தவர் அங்கே நெருங்கி வாழ்ந்தனர். மதில் ஒன்றாயினும் மனங்கள் வேறாயிருந்தன. அம்மையார் பாலர் பள்ளியும் இரவு வகுப்பும் வாசிகசாலையும் விளையாட்டிடமும் அமைத்தார். சத்துள்ள உணவை மலிவாக விற்கச் சமையற்கூடமும் திறந்தார்; சனங்களோ தத்தம் நாட்டுச் சுவையையே விரும்பினர். பிறர்க்கு எது நல்லதென்று நாமே தீர்மானித்தல் தொண்டாகாது என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

வீதிகளிற் குப்பை மலிந்து நோய் பரவிற்று. அம்மையார் 1895இல் அவ்வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகர் பதவியை ஏற்றார். ஆண்டுச் சம்பளம் 1,000 டொலர். விடியற்காலையிலேயே எழுந்து குப்பை வண்டிகளைப் பின்தொடர்ந்தார். ஓரிடத்திற் குப்பையை அகற்றியபோது, 18 அங்குல ஆழத்திற் கல் பாவிய தெரு வெளிப்பட்டதாம்! மரண வீதத்தில் நகரின் மூன்றாம் இடத்தில் நின்ற வட்டாரம் ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று.

இன்னொரு பிரிவும் அக்காலத்தில் வளர்ந்து வந்தது. ஆங்கிலம் பயின்ற பிள்ளைகள், பழைய உடையணிந்த பெற்றோரைக் கண்டு நாணினர். இதற்கு மாற்றாக அம்மையார் 1900இல் தொழிற் காட்சிசாலையொன்றை நிறுவினார். முதிய பெண்கள் தம் நாட்டு முறைப்படி அங்கே நூல் நூற்றுக் காட்டினர். தாயுடன் வர வெட்கி வேறு வாசலால் நுழைந்த இத்தாலியச் சிறுமி ஒருத்தி, அத்தாயின் கைத்திறனைப் பிறர் வியந்து பாராட்டக் கண்டாள். பின்பு தாயோடு ஒரே வாசலால் வந்தாள். அம்மையாரின் வெற்றிகளுள் இதனையே நாம் பெரிதென்போம்.

பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதைத் தடுக்கும் சட்டங்களுக்காகவும் இல்லத்தார் போராடினர். முதல் உலகப்போரை எதிர்த்தமையால் அம்மையார் வசைக்கு ஆளானார்; ஆயினும் கொள்கை தளரவில்லை. 1931இல் நோபெல் சமாதானப் பரிசு அவரை அடைந்தது. 1935 மே 21ஆந் திகதி அவர் காலமானார்; பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய சங்கம் 2012இல் மூடப்பட்டது. பழைய மாளிகை இன்று நூதனசாலையாக நிற்கிறது.

நம் வீதிகளிலும் பல மொழியார், பல மதத்தார் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அயல்வீட்டாரின் பெயரையேனும் நாம் அறிவோமா? இளைஞரே, அங்கிருந்து தொடங்குவோம். பெரியோரே, உங்கள் கைத்தொழிலையும் அனுபவத்தையும் எமக்குக் காட்டுங்கள். ஒரே வாசலால் நாம் சேர்ந்து நுழைவோம்.